ஒன்பதரைக்கு உடையும் கண்மாய்

அந்த விளையாட்டில் எங்கள் ஊர்க் கண்மாய் எப்போதும் காலை ஒன்பதரைக்கு உடையும். நாற்பது தடவைக்கு மேல் ஆடிப் பார்த்துவிட்டேன். முதல் நாள், வெள்ளிக்கிழமை, பதினொரு தடவை. மிச்சமெல்லாம் சனிக்கிழமை பகலில்.

ஆடுபவர் கையில் ஒரு மண்வெட்டி இருக்கும். திரையின் மூலையில் கடிகாரம் ஆறு மணிக்குத் தொடங்கும். மழை கொட்டும். கரைமேல் ஓடி, மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுக் உபரி நீர் வெளியேறும் கலுங்குக்குப் போனால், தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கும் பலகைகளில் ஒரு பூட்டு தொங்கும். ‘தலைவர் உத்தரவு தேவை’ என்று எழுத்து வரும். தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே குறட்டைச் சத்தம். ஒன்பதரைக்குக் கரை உடைந்து கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகும். அடுத்த கட்டத்தில் இப்போதைய வேட்பாளர் ஒருவர் தன் சின்னத்தோடு வருவார். அவர் தொட்டதும் பலகைகள் விலகும், மேளம் கொட்டும், தண்ணீர் ஓடையில் ஒழுங்காகப் போகும். ஊராட்சித் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது ஊரில் எல்லார் செல்போனுக்கும் வந்து சேர்ந்தது.

செய்தது என் மகள். கோயம்புத்தூரில் விளையாட்டுச் செயலிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்தாள். ஆள் குறைத்ததில் வேலை போய்த் தை மாதம் வீட்டுக்கு வந்தாள். வேட்பாளரின் ஆட்கள் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். அவள் தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை.

“அப்பா, நம்ம ஊரு அப்படியே இருக்கணும். பாத்தவொடனே இது எங்க ஊருதான்னு சொல்லணும்” என்றாள்.

நான் ஊராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன்: எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எப்போது விட்டது, யார் எந்த மனுவோடு வந்தார்கள், எந்த பஸ் எவ்வளவு தாமதம். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். கரையில் சாய்ந்து நிற்கும் பனை, மேற்கு மடைக்கு இறங்கும் படிகள், ரைஸ்மில் சுவரில் பாதி அழிந்த விளம்பரம் வரைக்கும் விளையாட்டில் வந்தது. ஒரு பாலத்தை அவள் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்திருந்தாள்; நான்தான் திருத்தினேன். தேர்தலுக்கு என்று தெரியும். ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் சின்னத்தைக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆடிவிட்டு அவளிடம் கேட்டேன். “குறட்டை எங்கேயிருந்து வந்துச்சு ஆத்தா?”

“அது அவங்க கேட்டாங்கப்பா. மத்ததெல்லாம் ஒங்க டைரி. ஒம்பதரைக்கு ஒடஞ்சுச்சு, பதினோரு மணிக்குத் தலைவர் வந்தாங்க. நீங்க எழுதுனதுதான?”

“அன்னைக்குத் தலைவரம்மா போன் பண்ணாங்க. காலையில ஆறு பத்துக்கு.”

அவள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். “டைரில அது இல்லையே.”

“எழுதலை.”

பதினோரு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. அப்போதைய தலைவரம்மா இறப்பு வீட்டுக்காக மீமிசல் போயிருந்தார். விடியற்காலையில் அங்கிருந்து போன் செய்து, “பலகைய எடுத்துருங்க கிளார்க்கு, கர தாங்காது” என்றார். பலகையை எடுத்தால் ஒரு போகத் தண்ணீர் போய்விடும். வயல்காரர்கள் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள். உத்தரவு எனக்கு எழுத்தில் வேண்டும் என்றேன். “சரி, நானே வந்து கையெழுத்துப் போடுறேன், நீங்க ஆளக் கூப்பிட்டு வைங்க” என்றார். வழியில் சாலைமேல் தண்ணீர் போய் பஸ் நின்றுவிட்டது. ஆட்களோடு கலுங்கில் குடை பிடித்து நின்ற நான் பலகையைத் தொடவில்லை. கீழத்தெருவில் ஒன்பது வீட்டு மண்சுவர் கரைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அன்று மாலை நாட்குறிப்பில் கரை உடைந்த நேரத்தை எழுதினேன், அவர் வந்த நேரத்தை எழுதினேன். கோயில் கல்வெட்டுகளைப் படித்துவிட்டு, தானம் கொடுத்தவன் பெயர்தான் இருக்கிறது, கொடுக்காமல் விட்டவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்று நண்பர்களிடம் கேலி பேசுகிறவன் நான்.

விளையாட்டில் தொங்கும் பூட்டு நான்தான். அதனால்தான் அத்தனை தடவை ஆடினேன். ஐயனார் கோயில் பக்கமாகக் குறுக்கே போனால் கலுங்குக்கு ஆறே காலுக்கெல்லாம் போய்விடலாம். போய் என்ன? மண்வெட்டியால் அடித்தாலும் அந்தப் பூட்டு அசையாது.

சனிக்கிழமை மகள் வேட்பாளரின் ஆளுக்குப் போன் போட்டு, ஒரு தகவல் தப்பு, திருத்தணும் என்றாள். ஸ்பீக்கரில் சிரிப்புக் கேட்டது.

“என்னம்மா தப்பு? தேதி நேரமெல்லாம் பக்காவா இருக்குன்னு சனம் சொல்லுது. ஒங்கப்பா சாருக்கு முன்பக்கத்துல நன்றியே போட்டுருக்கமே, காட்டலையா? அடுத்து ரெண்டு ஊருக்கு நீதான் பண்ணித் தரணும், அத யோசி.”

போனை வைத்தபின் அவள் சொன்னாள்: “நான் நீங்க எழுதுனத நம்பித்தான்ப்பா பண்ணேன்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பழைய நாட்குறிப்பை எடுத்து அந்தப் புதன்கிழமைப் பக்கத்தின் அடியில் விட்டுப்போன வரிகளை எழுதினேன். பின்னால் சேர்த்ததைப் பின்னால் சேர்த்ததென்று சொல்லாமல் விடுவது எனக்கு வராது. சேர்த்த நாளையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு தலைவரம்மா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவையும் அவர் நிற்கிறார். பிரசாரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் காபி கொடுத்தார்.

“நானும் ஆடுனேன் கிளார்க்கு. எங்க வீட்டு கேட்டு கலருகூடச் சரியா இருக்கு. கொறட்டைதான் எங்க வீட்டுக்காரரோடது.”

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் போனைப் பற்றி எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

“போன் பண்ணவளுக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா ஒங்க வேலை போயிருக்கும். பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைய வச்சிருந்தீங்க.” செருப்பை மாட்டிக்கொண்டார். “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கீழத்தெருவுல வந்து சொல்லுங்க.”

அவரோடு கீழத்தெருவுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருபது பேர் போல நின்றார்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும். பாதிப் பேருக்குச் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பணத்துக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு பத்துக்குப் போன் வந்ததை, எழுத்தில் கேட்டதை, குடை பிடித்து நின்றதைச் சொன்னேன்.

அன்று வீட்டை இழந்தவர்களில் ஒரு பெண் தன் செல்போனைத் தடவிப் பார்த்தார். “இதுல அப்படி இல்லையே சார். நீங்க குடுத்த தகவல்னுதான போட்டிருக்கு?”

நாட்குறிப்பை நீட்டினேன். ஆட்டோ ஓட்டும் ஒருவர் வாங்கி உரக்கப் படித்தார். ஒன்பதரை. பதினோரு மணி. விளையாட்டில் இருந்ததுதான் அதிலும் இருந்தது. அடியில் வந்ததும் நிறுத்தினார்.

“இது புது மையால்ல இருக்கு?” மீதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். “நேத்து எழுதுனதுன்னு அவரே போட்டிருக்காருய்யா. நேத்துத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!”

“காலையில தலைவரம்மா வீட்டுல காபி குடிச்சாரு, இங்கிட்டு வாரப்ப பாத்தேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சத்தியமா நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “வேணாம் சார். எங்க மாமியா பென்சனுக்கு எத்தன தடவ அலைஞ்சீங்க. பலகைய எடுக்காம சும்மா நிக்கிற ஆளா நீங்க? இந்த அம்மா ஒங்களப் பாடாப் படுத்திப் பேச வச்சிருக்கு.” தலைவரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “ஓட்டுக்காக ஒரு பெரிய மனுசன இப்படியா கூட்டியாந்து நிறுத்துவீங்க?”

தலைவரம்மா ஆட்டோக்காரர் கையிலிருந்து நாட்குறிப்பை வாங்கி மூடி என்னிடம் கொடுத்தார். “போதும் கிளார்க்கு. அடுத்த தெருவுக்கு நீங்க வர வேணாம்” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நோட்டீஸ் கட்டோடு நடந்தார். கூட வந்திருந்த இரண்டு பேரும் அவர் பின்னால் போனார்கள். தெருவில் யாரும் அந்த நோட்டீஸை வாங்கவில்லை.

அந்தப் பெண் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, நிழலில் போட்டார். “வெயில்ல நிக்காதீங்க சார். உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்.”

வேண்டாம் என்றேன். மறுபடியும் சொன்னார். உட்கார்ந்தேன்.