நாலு கிளாஸும் ஒரு கயிறும்

அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்தால் மனுஷனுக்கு என்ன வியாதி வரும் என்பதை என் கொழுந்தனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாராயத்தைக் கிளாசில் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகும் வியாதி. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் அவன். ஊரில் இருந்தவரை கறிக்குழம்புக்கும் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவன்.

போன ஆவணியில் லீவுக்கு வந்தபோது ஏர்போர்ட்டில் ஆளுக்கு இரண்டு விடுவார்களாம், தன் பங்குக்கும் பொண்டாட்டி பங்குக்குமாக நாலு பாட்டில் கொண்டுவந்தான். இரண்டு போர்பன், இரண்டு ரை, எல்லாம் அந்த ஊர் விஸ்கி.

"குடிக்கறதுக்கு இல்லீங்க அண்ணி. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. டேஸ்டிங்" என்றான்.

ஒயின் ஷாப் வாசலில் நின்றால் குடி, சோபாவில் உட்கார்ந்தால் டேஸ்டிங். நல்ல நியாயம்! அவ்வளவு கௌரவமான காரியத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? முடியாது. அவன் அம்மா விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார். அதனால் கடத்தூரில் எங்கள் வீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று.

என் வீட்டுக்காரரின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போய் தருமபுரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி ஒரு சொட்டு உள்ள போனா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஒளித்துக் குடித்தார். கடைசியில் தை மாதம் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டவைத்தேன். கையில் கயிறு இருக்கும் வரைக்கும் தொடக்கூடாது என்று பூசாரி சத்தியம் வாங்கி வலது மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். ஏழு மாதம் சுத்தமாக இருந்தார். சோறு இறங்கியது. முகத்தில் களை வந்தது. எங்கள் தண்ணீர் பைப் கடையை அவரே காலையில் திறந்தார். ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

"நான் வாயிலயே வெக்க மாட்டேன் புள்ள. அவுங்க சொல்றத நோட்ல எழுதி மார்க் போடறேன், அவ்ளோதான்" என்றார் என்னிடம்.

நான் ஒத்துக்கொண்டேன். ஏன் என்றால் திமிர். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என்னை மீறி என்ன நடந்துவிடும் என்ற திமிர். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கூத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

டேஸ்டிங் குழுவில் மூன்றே பேர். கொழுந்தன், மார்க் போட என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு வாத்தியார். வாத்தியார் எங்கள் வீட்டில் காப்பி குடித்தாலே டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவர். முதல் கிளாசையும் அப்படியே தூக்கி, அண்ணாந்து, தொண்டைக்குள் விட்டுவிட்டார். அமெரிக்காவிலிருந்து ஆகாயத்தில் பறந்து வந்த சரக்கு நாக்கில்கூடப் படாமல் உள்ளே போயிற்று.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், சார்! உதட்ல வெச்சுக் கொஞ்சமா உறிஞ்சுங்க. மூக்க உள்ள வுடுங்க!"

"எச்சி பண்ணச் சொல்றீங்களா தம்பி?" என்றார் வாத்தியார், ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல.

பிறகு கொழுந்தனின் பாடம் ஆரம்பித்தது. போர்பன் என்றால் பாதிக்கு மேல் மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். ரை என்றால் அதே முறைதான், சோளத்துக்குப் பதில் ரை என்ற தானியம், கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம். மக்காச்சோளம்! எங்கள் காட்டில் விளைந்து கோழித் தீவனத்துக்குப் போவது. அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, கருகின மரத்தில் வருஷக்கணக்கில் போட்டு வைத்தால் கோட் போட்டவன் குடிக்கும் சரக்காகிவிடுமாம். அவன் முகர்ந்துவிட்டு "தேன்... பழைய தோல் பை... புகையிலை" என்று அடுக்கினான். என் வீட்டுக்காரர் பயபக்தியோடு நோட்டில் எழுதினார். தோல் பையை எவனாவது விலை கொடுத்துக் குடிப்பானா?

அடுத்தது பரீட்சை. நாலு கிளாசின் அடியிலும் சீட்டு ஒட்டி, கலைத்து வைத்து, எது எது என்று சொல்ல வேண்டும். வாத்தியார் நாலையும் போர்பன் என்றார், எப்படியும் இரண்டு சரியாக வருமே என்ற கணக்கு. பாடம் நடத்தினவனோ நாலில் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பத்து வருஷப் படிப்பு! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "சிரிக்கறது சுலபம் அண்ணி. நீங்க சொல்லுங்க பாப்போம். குடிக்க வேணாம், மோந்து பாருங்க போதும்" என்றான்.

நான் பதினாறு வருஷமாகப் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். கேன் மூடியைத் திறந்த அந்த நொடியில் மூக்கை வைத்துச் சொல்லிவிட வேண்டும். புளிக்க ஆரம்பித்ததா, மாடு என்ன தின்றது, கேனைச் சோப்புப் போட்டுவிட்டுச் சரியாக அலசாமல் வந்தார்களா, எல்லாம். இரண்டாவது முறை மோந்தால் மூக்கு குழம்பிவிடும். என்னிடமா பந்தயம் கட்டுகிறான்?

"எல்லாரும் சும்மா இருங்க" என்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான், கண் திறந்திருந்தால் எனக்கு வாசனை பிடிபடாது.

கொழுந்தன் கலைத்து வைத்து ஒவ்வொன்றாக நீட்டினான். முதல் கிளாஸ், பாகு கொஞ்சம் தீய்ந்த வாசம், புதுக் கட்டில் வாசம். "போர்பன்." இரண்டாவது, அதே குடும்பம், பாகு இன்னும் தூக்கல். "போர்பன்." மூன்றாவதில் இனிப்பு பின்னால் போய்விட்டது. கொத்தமல்லி விதையும் மிளகும் வறுக்கிற வாசம் மூக்கின் மேலே ஏறிற்று. "ரை." நாலாவது, அதே வறுவல், ஆனால் ஈரம் பட்ட சோளத்தட்டு மாதிரி ஒன்று கூடவே. "ரை." அவசரமே படவில்லை நான். ஒவ்வொன்றுக்கும் என்ன வாசம் என்று விளக்கம் வேறு சொன்னேன், கண்ணைத் திறக்காமலே.

சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நாலும் சரி. வாத்தியார் கை தட்டினார். கொழுந்தன் என் காலில் விழப்போவதுபோல் குனிந்து, "அண்ணி, நீங்க அமெரிக்கா வந்துருங்க!" என்றான். "போடா, உன் கோழித் தீவனத்த நீயே மோந்துக்க" என்றேன். பூரித்துப்போய்விட்டேன், பொய் சொல்வானேன். என் வீட்டுக்காரர் மட்டும் நோட்டில் குனிந்திருந்தார். நாலு மார்க்கையும் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குச் சாயங்காலப் பால் எடுக்கக் கிளம்பினேன். மற்ற இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். அவர் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கலக்கிட்ட புள்ள" என்றார், கிட்டே வந்து.

கொத்தமல்லி விதை. மிளகு. பின்னால் போன இனிப்பு.

சாவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "எப்போ?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "நீ கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டு இருந்தப்போ. எல்லாரும் உன்னயேதான் பாத்துட்டு இருந்தாங்க." பிறகு அவசர அவசரமாக வலது கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "இந்தக் கையால தொடவே இல்ல புள்ள. இடது கையாலதான் எடுத்தேன். கயிறு மேல சத்தியமா."

முடிச்சு அவிழாமல்தான் இருந்தது. இடது கையால் எடுத்தால் சாமியை ஏமாற்றிவிடலாம் என்று அந்த மனுஷர் நிஜமாகவே நம்பினார். கண் ஓரத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தேன். அதற்குள் தெரியாது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் பார்த்தேன்.

"மூணாவது கிளாஸ்தானே?" என்றேன்.

"ஆமா" என்றார்.

அவ்வளவு பயத்திலும், சரியாகச் சொல்லிவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு மூலை பூரித்தது. அவரைத் திட்டித் தீர்த்தேன், அழுதேன், ஒரு மாதம் கழித்து மன்னித்தும் விட்டேன். அந்த மூலையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.