அக்கா கொண்டுவந்த குட்டி

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அந்தத் தவக்காலத்தில்தான், பாலக்கோடு சந்தைக்குப் போய்த் திரும்பியவள் முந்தானைக்குள் ஒரு பூனைக்குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். எழுபதுகளின் தொடக்கம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கடுவனும் ஒரு சாம்பல் நிறப் பெட்டையும் இருந்தன. கடுவன் சோற்றுக்கு மட்டும்தான் உறவு. சாம்பல் அப்படியில்லை. கண் திறக்காத நாளிலிருந்து பாலில் துணி நனைத்து ஊட்டி நான் வளர்த்தது. என் காலடியைத் தவிர வேறெங்கும் படுக்காது. மற்ற யார் தொட்டாலும் பிறாண்டிவிடும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"உனக்குத்தான் பாப்பா. நான் போயிட்டா வூடு வெறிச்சுனு இருக்குமில்ல?" என்றாள் அக்கா. நான் உருகிப்போனேன்.

குட்டியைப் பார்த்ததும் சாம்பல் முதுகைத் தூக்கிச் சீறியது. ஓங்கி ஓர் அறையும் விட்டது. கடுவன் கோபித்துக்கொண்டு ஓட்டின்மேல் ஏறிவிட்டது. அக்காதான் வழி சொன்னாள். கோழி கவிழ்க்கிற கூடைக்குள் குட்டியை விட்டு, சாம்பல் படுக்கும் சாக்கை அதற்கு விரித்தோம். குட்டி படுத்த துணியைச் சாம்பலுக்குப் போட்டோம். ஒன்றின் வாடை மற்றதற்குப் பழக வேண்டுமாம். கூடைக்கு வெளியே சாம்பலுக்குக் கருவாட்டுத் தலை, உள்ளே குட்டிக்குக் களியும் பாலும். நாளுக்கு நாள் இரண்டு கிண்ணத்தையும் நெருக்கினோம். சாயங்காலம் எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லும்போது என் கண் கூடைமேலேயே இருக்கும். அம்மா முழங்கையால் இடிப்பாள்.

ஒருநாள் கூடையைத் தூக்கினேன். சாம்பல் குட்டியை முகர்ந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு அதன் தலையை நக்க ஆரம்பித்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பிரியப்போகிற அழுகை என்று நினைத்து நானும் அழுதேன்.

"இனி எலி புடிக்கக் கத்துக்கிச்சுன்னா போதும்" என்றாள். அதையும் சாம்பலே பார்த்துக்கொண்டது. குற்றுயிராக எலியைக் கவ்விவந்து குட்டியின் முன்னால் போட்டுப் போட்டுப் பழக்கியது. தன் இடத்துக்குத் தானே ஆள் தயார் செய்கிறோம் என்று பாவம், அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் முடிந்தது. மறுவீட்டுக்கு வந்த அக்காவும் மாப்பிள்ளை மாமாவும் தீர்த்தமலைப் பக்கம் அவர் ஊருக்குக் கிளம்புகிற காலையில், அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"பாப்பா, சாம்பலக் கூப்புடு. நீ கூப்புட்டாத்தான் வரும்."

தடவிக் கொடுத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் ஏறியது. அம்மா கதவைச் சாத்தினாள். மூலையில் நின்ற மாமா கோணியை விரித்துக்கொண்டு வந்தார்.

"எங்க வூட்ல கடலக்கா மூட்டையப் பூரா எலி தின்னு தீக்குதும்மா" என்றார், பெரிய நியாயம் சொல்வதுபோல.

கோணி உருண்டது, கத்தியது. நானும் கத்தினேன். "எதுக்குடி இப்பிடிக் கத்தற? அதான் உனக்குக் குட்டி இருக்குதில்ல?" என்றாள் அம்மா. அப்போதுதான் விளங்கியது. சாம்பலைத் தருவதாக மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் குட்டியே வந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மடச்சி நான் மட்டும் கூடையைத் தூக்குவதும் கவிழ்ப்பதுமாக இருந்திருக்கிறேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் அவளிடமிருந்து சேதி வரும். பூனை சௌக்கியம், நன்றாக எலி பிடிக்கிறது, தின்ன ஒன்றும் குறையில்லை. கோபம் ஆறாவிட்டாலும் அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பேன்.

மழைக்காலத்தில் அக்கா வந்தாள். வாசலிலேயே நிறுத்தி, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொண்டுபோன வாரமே ஓடிப்போச்சு பாப்பா. தேடாத எடமில்ல. சொன்னா நீ அழுவியேன்னுதான்..."

இல்லாத பூனையின் சௌக்கியத்தைக் கேட்டு அத்தனை மாதமும் மனம் ஆறியிருக்கிறேன்.

இப்போது பெரிதாகிவிட்ட குட்டி உள்ளேயிருந்து வந்து என் காலை உரசியது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இது நல்லா எலி புடிக்குதா?" என்றாள்.

"புடிக்காது" என்றேன். அதை அள்ளிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போனவள், அக்கா பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை.