தோற்றவர் எழுந்திருக்க வேண்டும்

எங்கள் பாடா கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. செஸ்ஸில் தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். ஜெயித்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார், வரிசையில் அடுத்து நிற்பவர் வந்து அவர் எதிரே அமர்வார். இதை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் டாலிகஞ்சில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. பாடா என்றால் நம் ஊர்த் தெரு மாதிரிதான். என்ன, கொஞ்சம் கூடுதலாக உரிமை கொண்டாடும் தெரு. ஒரு கேரம் போர்டு, ஒரு செஸ் மேஜை, பக்கத்தில் டீக்கடை, அவ்வளவுதான் கிளப்.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நேரத்தைவிட அதற்காக வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். அரை மணி நேரம் நிற்பேன், டீ ஆறுவதற்குள் தோற்று எழுந்துவிடுவேன். மதுரையில் அண்ணன்மார்களை எல்லாம் தோற்கடித்தவள் நான். அவர்கள் என் ஆட்டத்துக்குத் தோற்றார்களா, கோபத்துக்குப் பயந்து தோற்றார்களா என்ற சந்தேகம் கல்கத்தா வந்த பிறகுதான் எனக்கு வந்தது.

பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐப்பசி பிறந்தவுடன் கழுத்து வரை மூடும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டால், பங்குனி வரை கழற்ற மாட்டார். எல்லோரும் அவரைக் காகு என்பார்கள், அதாவது சித்தப்பா. என் மனதுக்குள் அவர் குல்லாய்க்காரர். அவர் என்னை பௌதி என்பார், அண்ணி என்று அர்த்தம். மரியாதையாக அண்ணி என்று அழைத்து, மரியாதையாக என் ராணியைப் பிடித்து, மரியாதையாக என்னை எழுப்பி அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுற்றி நிற்பவர்கள் வேறு சும்மா இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் யானை என்று சொல்வது இங்கே நௌகா, படகு. நாங்கள் மந்திரி என்பதை இவர்கள் யானை என்பார்கள், ராணியை மந்திரி என்பார்கள். அவர்கள் இரக்கப்பட்டு யோசனை சொன்னாலும் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எனக்கு வேண்டியது பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை, அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. என் கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஊர் ஊராக மாற்றல்தான். எந்த வீட்டிலும் நான் சுவரில் ஆணி அடித்ததில்லை, சாமி படங்கள்கூட அலமாரியில் சாய்ந்துதான் நிற்கும். மகளுக்கு வங்காளம் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது, அவருக்கு ஆபீஸ் இருக்கிறது. எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே இடம் அந்த நாற்காலி, அதிலிருந்தும் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கோடையில் மாற்றல் பட்டியல் வரும். அதற்குள் நடந்தாக வேண்டும் என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் ஒரு பழைய செஸ் புத்தகத்தை வாங்கினேன். அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. செஸ் கற்றுக்கொள்கிற எத்தனையோ தலைமுறை படித்துப் பழசாக்கிய புத்தகம் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்த கையோடு சாப்பாட்டு மேஜையில் போர்டை விரித்து, முன்னுரையைத் தள்ளிவிட்டு முதல் ஆட்டத்துக்குப் போனேன். முன்னுரை படிக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

வெள்ளை முதலில் நகர்ந்தது. சரி. அடுத்து கறுப்பு. புத்தகம் சொன்னபடி நகர்த்தினால், கறுப்புச் சிப்பாய் என் வெள்ளைச் சிப்பாயின் தலைமேல் வந்து உட்கார வேண்டியிருந்தது. அச்சுப்பிழை என்று அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. முழுக்கப் பிழையாக அச்சடித்த புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டான் என்று தீர்மானித்து, மறுநாளே கடைக்காரரோடு சண்டை போட மெட்ரோ ஏறினேன்.

வண்டியில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல்தான் முன்னுரையைப் படித்தேன். அது பழைய எழுத்துமுறை. இப்போதைய புத்தகங்களில் ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர்தான். பழைய முறையில் வெள்ளை தன் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணும், கறுப்பு தன் பக்கத்திலிருந்து எண்ணும். நான் கறுப்பின் நகர்வுகளையும் என் பக்கத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். கடைக்காரருக்கு இன்றுவரை அவர் தப்பித்தது தெரியாது.

அதன் பிறகு வெள்ளையின் நகர்வுக்கு இந்த நாற்காலி, கறுப்பின் நகர்வுக்கு எதிர் நாற்காலி என்று மேஜையைச் சுற்ற ஆரம்பித்தேன். இடத்தில் உட்கார்ந்தபடி தலைகீழாக எண்ண எனக்கு வரவில்லை.

“தூர் அம்மா, போர்டைத் திருப்பி வெச்சாப் போதுமே,” என்றாள் மகள். தூர் என்பது வங்காளச் சலிப்பு.

“விடு,” என்றார் என் கணவர். “வாக்கிங் போன்னு டாக்டர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், கேக்கல. இப்ப வீட்டுக்குள்ளயே நடக்கிறா.”

கேலி செய்தால் செய்யட்டும் என்று நடந்தேன். நடக்க நடக்க ஒன்று புரிந்தது. என் பழைய ஆட்டங்களையும் ஞாபகத்திலிருந்து அடுக்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் என் ராணி யாரையும் பயமுறுத்தவில்லை. திருவிழாக் கூட்டத்தில் வழி தவறியவள் மாதிரி நடுவில் தனியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் என் யானைகளும் மந்திரிகளும் இருந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தன. குல்லாய்க்காரருக்கு இது தினமும் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

புத்தகத்தில் திரும்பத் திரும்பப் படித்தது குதிரையைப் பற்றிய அத்தியாயம். சிப்பாய் முன்னால் மட்டுமே போகும், திரும்பி வராது. எதிராளியின் சிப்பாய்கள் அவசரப்பட்டு முன்னேறிவிட்டால், அவை விட்டுவந்த இடத்தில் ஒரு கட்டம் காவலில்லாமல் நிற்கும். அங்கே உன் குதிரையைக் கொண்டுபோய் வை, அதை விரட்ட இனி ஒரு சிப்பாயாலும் முடியாது, என்கிறது புத்தகம். விரட்ட முடியாத கட்டம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன். மடிக்கும்போதே எதற்காக மடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வரிசையில் நின்று, முறை வந்ததும் குல்லாய்க்காரர் எதிரே உட்கார்ந்தேன். ராணியை வெளியே விடவில்லை. மற்ற காய்களை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தினேன். டீ ஆறிப்போனது, நான் இன்னும் தோற்கவில்லை. கேரம் ஆடியவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவரும் வழக்கத்தைவிட வேகமாகச் சிப்பாய்களை என்மேல் ஏவினார்.

அப்போது ஒரு சிப்பாயை அவர் சும்மா விட்டுவைத்திருந்தது கண்ணில் பட்டது. ராணியால் எடுத்துவிடலாம். கை ராணி வரைக்கும் போய்விட்டது. பழைய நானாக இருந்தால் எடுத்திருப்பேன். கையை இழுத்துக்கொண்டு, வீட்டுப் பழக்கத்தில், அந்தப் பக்கம் போய்ப் பார்க்க எழுந்துவிட்டேன்.

எழுந்ததுதான் தாமதம், வரிசையில் அடுத்து நின்றவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தால் தோற்றதாகத்தானே அர்த்தம்.

“நான் தோக்கல,” என்றேன் தமிழில். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். பிறகு எனக்குத் தெரிந்த வங்காளத்தில், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன் என்று விளக்கினேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றார் உட்கார்ந்தவர். ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். என் குரல் டீக்கடையைத் தாண்டிப் போயிருக்கும்.

குல்லாய்க்காரர்தான் கையமர்த்தினார். “தேகுக்,” என்றார். பார்க்கட்டும். உட்கார்ந்தவரை எழச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தச் சிப்பாய் தூண்டில் புழு. எடுத்திருந்தால், மூலையில் இருந்த அவர் மந்திரி வழியை அடைத்திருக்கும், என் ராணி திரும்பியிருக்க முடியாது. ஆனால் நான் பார்த்தது அதை மட்டுமல்ல. வேகமாக ஏவிய சிப்பாய்களுக்குப் பின்னால், அவர் பக்கத்திலேயே, நடுவில் ஒரு கட்டம் காவலில்லாமல் கிடந்தது. என் குதிரை அதற்கு இரண்டு தாவல் தூரத்தில் நின்றது. பார்த்ததை முகத்தில் காட்டாமல் சுற்றி வந்து உட்கார்ந்தேன்.

இரண்டே தாவலில் குதிரை அங்கே போய் நின்றது. விரட்டச் சிப்பாய் இல்லை. அதோடு மோதி வெட்டிக்கொள்ள அவரிடம் குதிரையும் இல்லை, அந்த நிறக் கட்டத்துக்கு வரக்கூடிய மந்திரியும் இல்லை. அவருடைய யானைகள் என் குதிரை மிரட்டிய சிப்பாய்களைக் காவல் காத்தே களைத்துப்போயின. ஒரு சிப்பாய் விழுந்தது, பின்னால் இன்னொன்று. கடைசியில் என் சிப்பாய் ஒன்று ராணியாக ஒரு கட்டம் மிச்சமிருக்கையில், அவர் தன் ராஜாவை விரலால் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார். சுற்றி நின்றவர்களில் யாரோ என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கை தட்டினார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆட்டம் முடிந்தால் எழுந்திருப்பது என் கால்களுக்குப் பழகிப்போயிருந்தது. வரிசையின் கடைசியை நோக்கி ஓரடி வைத்தும்விட்டேன்.

குல்லாய்க்காரர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார். குல்லாயைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு வழுக்கை என்று அன்றுதான் தெரிந்தது. என் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

“போஷுன் பௌதி,” என்றார். உட்காருங்கள். “எங்கே போகிறீர்கள்?”

உட்கார்ந்தேன். ஜெயித்தபோது வராத கண்ணீர் அதற்கு வந்துவிட்டது. வரிசையில் அடுத்து நின்றவர் எதிரே வந்து அமர்ந்தார், நான் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்துக் காய்களை அடுக்க ஆரம்பித்தேன்.