சுவரைப் பார்த்து நின்ற மாரப்பண்ணன்

1999இல் காந்திபுரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நான் கோரஸ் பாடினேன். மாரப்பண்ணன் அங்கே பதினாறு வருடமாக மிக்சர் பார்த்தவர். அந்த ஒலிக்கலவைப் பலகையின் திருகுகளைத் தொட்டுத்தொட்டே குரலைத் தெளிய வைப்பார். அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்கிற சாப்ட்வேரை முதலாளி மகன் கிருபாசங்கர் வாங்கி வந்தான். மிக்சரையும் அண்ணனையும் வைத்துக்கொள்வதா என்று அன்று முடிவாக வேண்டும்.

என் குரலை அண்ணன் மிக்சரிலும் அவன் கம்ப்யூட்டரிலும் சரிசெய்தார்கள். அண்ணனைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, இரண்டையும் போட்டான்.

"உங்களுது எதுங்கண்ணா?"

"ரெண்டாவதுங்க தம்பி. இந்தக் குளுமை உங்க பொட்டிக்கு வருமுங்களா?" என்று சிரித்தார்.

"அது கம்ப்யூட்டருங்கண்ணா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசமா அம்மணி?"

திரை என் கண்ணெதிரே இருந்தது. தலையாட்டினேன்.

"இன்னொருக்கா போடுங்க தம்பி, மாத்திப் போடுங்க" என்று மறுபடி சுவரைப் பார்த்து நின்றார்.

இந்த முறை கம்ப்யூட்டரில் செய்ததை முதலில் போட்டான்.

"மொதலாவதுதானுங்க என்னுது" என்றார் அண்ணன்.

கிருபாசங்கர் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவர் திரும்பாமலே நின்றார்.