லாரித் தண்ணீர்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஒருவருக்கு வீடு கட்டிக்கொடுத்தேன். கான்கிரீட் போட நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும் என்று நான் சொன்னதும், என் ஆட்கள் எல்லோர் முன்னாலும் அவர் கத்தினார்.

"லாரித் தண்ணில கமிஷன் அடிக்கப் பாக்கறியா? எங்க போர் தண்ணியே போதும்."

அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கரிப்பு. கம்பி துருப்பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. 'போர் தண்ணீர், என் பொறுப்பு' என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதி வாங்கினேன்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. நான் தண்ணீரில்கூடத் திருடுகிறவன் என்று கிளியனூர் வரை பரப்பினார். கைக்கு வந்த இரண்டு வேலைகள் போயின. அந்தத் தாளை லேமினேட் செய்து பீரோவில் வைத்துக் காத்திருந்தேன்.

ஐந்தாம் வருடம் கூரைக் காரை பெயர்ந்து அவர் கட்டில்மேல் விழுந்தது. நான்கு பேரோடு நஷ்டஈடு கேட்டு வந்தார். தாளை நீட்டினேன்.

"சத்தமா படிங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

படித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "ரிப்பேராவது பண்ணிக் குடுங்க. எவ்ளோ ஆவும்ங்க?"

எஸ்டிமேட்டின் முதல் வரியில் லாரித் தண்ணீர் என்று எழுதினேன். அதற்குக் கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக, கமிஷன் என்றும் எழுதினேன்.