சுசீலா கேட்டதும் எனக்குப் புரிந்ததும்

மேசைமேல் உட்காரக்கூடாது என்பதுதான் ஆக்லாந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நாலு வயது மகன் கவினைப் பாலர் பள்ளியில் விட்ட அன்று, அவன் ஷூவைக் கழற்றக் குட்டி மேசை ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் ஹானா என் தோளைத் தொட்டு, சாப்பாடு வைக்கும் இடத்தில் உட்காருவது மாவோரிகளுக்கு ஆகாது என்றாள். அவள் மாவோரி, இந்த நியூசிலாந்து மண்ணின் பூர்வகுடி. திருத்தணியில் உரல்மேல் உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்கியவளுக்கு இது புரியாதா? வெள்ளைக்காரக் குழந்தை, சீனக் குழந்தை எல்லாம் அந்த மேசையைச் சுற்றி நின்று மாவோரியில் பாடிவிட்டுத்தான் சாப்பிடுகின்றன. அவரவர் வீட்டு மொழிச் சொற்களும் அட்டைகளாகச் சுவரில் இருக்கின்றன. கவினுக்காக ஹானா என்னிடம் தமிழில் நாலைந்து சொற்களை எழுதி வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நான் வாசலில் நிற்கும்போதே கவின் நெளிந்துகொண்டு நின்றான். ஹானா "ஒண்ணுக்கு?" என்று கேட்டு அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ சுசீலாவின் நனைந்த பாவாடை ஞாபகம் வந்தது.

திருத்தணியில் நர்சரி ஒன்றில் டீச்சராக இருந்தேன். தெலுங்கில் பேசும் குழந்தைக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது அங்கே உத்தரவு. ஆந்திர எல்லையோரம் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து குடிவந்த வீட்டுப் பெண் சுசீலா. நாலு வயது. "ஒண்டிக்கி வஸ்தாந்தி" என்று மூன்று முறை கேட்டாள். அதுவும் ஒண்ணுக்குத்தான். என் அம்மா வீட்டில் பேசுவதும் அதே தெலுங்குதான். தமிழில் கேள் என்று நிற்கவைத்தேன். நின்ற இடத்திலேயே பாவாடை நனையப் போய்விட்டாள்.

சாயந்திரம் அவள் அம்மா வந்தாள். சண்டை போடவில்லை.

"நீங்களும் அப்பாவ நைனான்னு கூப்புடற வூட்டுப் பொண்ணுதானே டீச்சர்? உங்களுக்குமா புரியல?"

மறுநாளிலிருந்து சுசீலா வரவில்லை. வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நர்சரியில் இப்போது தமிழுக்கும் வாய்ப்பூட்டாம், எல்லாம் இங்கிலீஷாம். கூட வேலை செய்த அக்கா போனில் சொன்னார். இங்கிருந்து நான் என்ன செய்துவிட முடியும்? அங்கே இருந்தபோதே செய்யாதவள்.

கவினோடு திரும்பி வந்த ஹானா, வாசலில் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, ஊர் ஞாபகமா என்று தேற்றினாள். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை, தலையாட்டிவைத்தேன். உன் அப்பாவிடம் போனில் வேறேதோ மொழி பேசுகிறாயே, அதிலும் ஒரு சொல் எழுதேன் என்று அட்டையை நீட்டினாள். எனக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது, கவினிடம் அதில் பேசியதும் இல்லை. 'ஒண்டிக்கி' என்று தமிழ் எழுத்தில் எழுதினேன். அதைத் தமிழ் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

கவின் நிமிர்ந்து பார்த்தான்.

"இது எந்த ஊரு பாஷைம்மா?"