ஊருக்குப் போய்ச் சொல்றோம்

கொடைக்கானலில் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்கு மே மாதத்தில்தான் மவுசு. மலர்க் கண்காட்சி நடக்கிற வாரமாகப் பார்த்துக் கீழேயிருந்து ஒரு வேன் வந்து நிற்கும். தரகர் முதலில் குதித்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்கண்ணே" என்பார். ஐப்பசி மழையில் என்னைப் பெண் பார்க்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பனிமூட்டத்தில் பெண் தெரியமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ.

செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திராத இரண்டாயிரத்துச் சொச்சம் அது. ஏரிக்குப் பக்கத்தில் அப்பா தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை வைத்திருந்தார். நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தேன். அந்தப் படிப்பு எதற்கு உதவியதோ தெரியாது, வந்தவர்களின் பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் மட்டும் சீக்கிரமே தேறிவிட்டேன்.

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று வாசலில் சொன்னால், வேனுக்குள் இன்னும் ஆள் இருக்கிறது. "ஒண்ணும் வேணாம்ங்க, காபி போதும்" என்றால் அம்மா அரிசி களையப் போகலாம். "எங்களுக்குன்னு எதுவும் கேக்க மாட்டோம், ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதச் செய்யுங்க" என்கிறவர்களைக் கண்டால் அந்தக் குளிரிலும் அப்பாவுக்கு வேர்க்கும். வாய்விட்டுக் கேட்கிறவர்களிடமாவது கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். பொண்ணு லட்சணமா இருக்கு என்பார்கள். நான் சிவப்பாக இருந்திருந்தால் சிவப்பு என்றே சொல்லியிருப்பார்கள். அப்புறம் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, தூண்பாறைக்கு எந்தப் பக்கம் போகணும் என்பதாக இருக்கும்.

சாப்பிட்டு, அப்பா கொடுத்த தைலப் பாட்டில்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேனில் ஏறும்போது சொல்வார்கள்: "ஊருக்குப் போய்ச் சொல்றோம்."

அது என்ன ஊரோ. போய்ச் சேர்ந்த ஒருத்தரும் அங்கிருந்து வாய் திறந்ததில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் புரிந்தது அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. வேன் போன மறுநாள் கடையைத் திறக்கமாட்டார். டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். நடுநடுவே ரிசீவரை எடுத்து லைனில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். அம்மா அவள் தங்கச்சிக்குப் போன் போடப் போனால், "அப்பறம் பேசிக்கலாம், வையி" என்பார். சீசனில் சம்பாதித்தால்தான் மழைக்காலத்தில் அடுப்பெரியும். அந்தச் சீசனில் மனுஷன் கடையைப் பூட்டிவிட்டு அடிக்காத மணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக வந்த கூட்டம் கொஞ்சம் விசேஷமானது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில் அவருடைய அம்மா எங்கள் வீட்டு ரோஜாச் செடிகளைப் பார்த்துவிட்டு எல்லாரையும் அதன் முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "யம்மா, ஒரு போட்டோ எடும்மா" என்றார். எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்களின் படத்தில் எல்லாரும் இருந்தார்கள், பெண்ணைத் தவிர.

மறுநாள் அப்பா நாற்காலியைப் போட்டார். அதற்கடுத்த நாளும் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஊருக்குப் போய்ச் சொல்றோம்னா வேணாம்னு அர்த்தம். இது கூடவா தெரியாது ஒங்களுக்கு?"

பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதா தாயி? ஒங்க சித்தப்பனுக்குப் பொண்ணு தேடயில நானே எத்தன வீட்ல இதச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்பறம் எதுக்குக் கடையப் பூட்டிட்டு இதுக்குக் காவல் இருக்கீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நா வெள்ளனே எந்திருச்சு கடைக்குப் போயிட்டா, அவங்க வேணாம்னுட்டாங்கன்னு ஒனக்குத் தெரிஞ்சு போயிரும்ல."

இத்தனை வேன்கள் வந்துபோனபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"கூட்டம் ஏரியச் சுத்திக்கிட்டு கெடக்கு. வெரசா கெளம்புங்கப்பா. நானும் லீவு போட்டுட்டு வர்றேன்."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். நான் அவர் பின்னாலேயே இறங்கினேன். அன்றைக்கு டெலிபோன் அடித்ததா என்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்கவில்லை.